ஹார்டு கோர்ட் ஷூவை மண் கோர்ட்டிலும் போடலாமா, தனியாக வாங்க வேண்டுமா?

பிள்ளையைப் புதிதாக டென்னிஸ் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறீர்கள், அங்கே மண் கோர்ட், கெட்டித் தரையில் பூச்சுப் போட்ட ஹார்டு கோர்ட் என்று இரண்டு வகையும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே ஜோடியில் சமாளிக்கலாம். ஆனால் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள். ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள்.

மண் கோர்ட் ஷூவில் குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரே மீன்முள் வரி ஓடும்; ஹெரிங்போன் என்பார்கள். பள்ளம் ஆழமாக இருக்கும். ஓடும்போது வரியின் விளிம்பு மண்ணைக் கவ்வும், பள்ளத்தில் சேர்ந்த மண் தானாக உதிரும். மண்ணில் பந்தை நோக்கிச் சறுக்கிப் போய்த்தான் அடிக்க வேண்டும். பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலாண் காரோஸ் மைதானத்தில் மேலே கிடப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள்தான். அந்த மெல்லிய படலத்தில்தான் அத்தனை சறுக்கலும். சறுக்கல் நடுவில் வெடுக்கென்று நின்றால் கணுக்கால் பிசகும். நிற்காமலே போனால் தொடை இடுக்குச் சதை இழுத்துக்கொள்ளும். மேல்துணி நெருக்கமான நெய்தலாக இல்லாவிட்டால் தூள் உள்ளே புகுந்து சாக்ஸோடு சேர்ந்து தோலை உரிக்கும்.

ஹார்டு கோர்ட் உப்புத்தாள் மாதிரி. அக்ரிலிக் பூச்சில் மணலைக் கலந்துதான் பூசுகிறார்கள். அதனால் இந்த ஷூவில் ரப்பர் தடிமனாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே. சர்வ் போடும்போது பின்கால் நுனி தரையில் இழுபடும். அந்த இடத்தில் ரப்பர் மேல்நோக்கி ஏறி மூடியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதல் ஓட்டை அங்கேதான் விழும். சில நிறுவனங்கள் சில மாடல்களின் அடி ரப்பருக்கு ஆறு மாத உத்தரவாதம் தருகின்றன. இந்தியாவில் விற்கும் ஜோடிக்கும் அது உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அடி முழுக்க மீன்முள் வரி உள்ள ஹார்டு கோர்ட் ஷூவாகப் பார்த்து வாங்குங்கள். மண் கோர்ட் ஷூவை ஹார்டு கோர்ட்டில் தினமும் போட்டால் விளிம்புகள் சீக்கிரமே மழுங்கிவிடும், பிறகு மண்ணுக்கும் உதவாது. நடுநடுவே வழவழப்பான வட்டங்கள் வைத்த ஹார்டு கோர்ட் ஷூ ஈரமண்ணில் அப்பிக்கொண்டு வழுக்கும்.

புல்தரை ஷூ உங்களுக்குத் தேவைப்படாது. அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். ஹார்டு கோர்ட்டில் போட்டால் அவை தேய்ந்தே போகும். விம்பிள்டனில் விரல்களைச் சுற்றி வெளிப்பக்கம் குமிழ் இருக்கக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள், புல் பெயர்ந்துவிடும் என்பதால். மணல் தூவிய செயற்கைப் புல்லில் ஆடுவதானால் ஜப்பானிய நிறுவனங்கள் ஆம்னி என்ற பெயரில் தனியாகவே ஷூ செய்கின்றன.

ரன்னிங் ஷூவிலேயே பல வருஷம் ஆடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது வந்து சொல்வார்கள். அவர்களோடு சண்டை போட வரவில்லை. ஆனால் அந்த ஷூ நேராக ஓடுவதற்குச் செய்தது; குதிகால் உயரம், நுரை மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் எட்டி வைத்து நிற்கும்போது நுரை ஒரு பக்கமாக அமுங்கி, பாதம் விளிம்பைத் தாண்டி உருளும். வளரும் பிள்ளையின் காலில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

அளவை மாலையில், ஆடும்போது போடுகிற தடிமனான சாக்ஸோடு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பிரேக் போட்டு நிற்கும்போது பாதம் முன்னால் போய் இடிக்கும். இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். மிக மேலே உள்ள துளை வரை லேஸ் கோர்த்துக் கட்டினால் குதிகால் நகராது. தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கில் கவனம்: அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை பாலியூரித்தேன் நுரை என்றால், போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் சில வருஷத்தில் உதிர ஆரம்பிக்கும். கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே வரி மறைந்து வழவழப்பானால் மேலே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மழை விட்டதும் ஈரமண் கோர்ட்டில் கிடைத்த ஷூவோடு இறங்கிக் குழி குழியாக ஆக்கிவிட்டு, மண்ணைச் சமன் செய்யும் பாயைக் கூட இழுக்காமல் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காய்ந்ததும் குழி இறுகிவிடும், மறுநாள் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்றே தெரியாது. பாய் இழுக்க ஐந்து நிமிஷம் போதும். பிள்ளைக்கு ஷூ வாங்கிக் கொடுக்கும்போதே அதையும் சொல்லிக் கொடுங்கள்.