பயாப்ஸிக்கு முன் ஸ்வாப் டெஸ்ட் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம்) கூடியிருப்பதால் புராஸ்டேட்டில் பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஆசனவாயில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி) எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துச் சோதிப்பது) பார்க்க வேண்டுமாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டால் போதாதா?

பதில்: எந்த மாத்திரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மலக்குடல் வழியாகச் செய்யும் பயாப்ஸியில் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு ஊசி புராஸ்டேட்டுக்குள் போகும். வழக்கமாகப் பன்னிரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். குடலில் சும்மா கிடக்கும் ஈ.கோலி கிருமியும் ஊசியோடு உள்ளே போய்விடும், சிலருக்கு ரத்தத்திலும் கலந்துவிடும். இதைத் தடுக்கப் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்து வந்தோம். ஆனால் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கியே நம் ஊரில் அந்த மருந்தை மதிக்காத கிருமிகள் பெருகிவிட்டன.

அதனால்தான் ஸ்வாப். ஓரிரு வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். சிப்ரோ கலந்த தட்டில் அதைத் தடவி வைப்பார்கள். அதிலும் கிருமி வளர்ந்தால் சிப்ரோ பயன்படாது. எது கேட்கும் என்று பார்த்து ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின் போன்ற வேறொன்றைத் தருவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அமிகாசின் யோசித்துத்தான். சிப்ரோவே கேட்கிறதா? சரி, அதுவே போதும். ‘ஸ்ட்ராங்கா’ வேறு கேட்காதீர்கள்.

ஸ்வாப் எடுத்தபின் வேறு ஆன்டிபயாட்டிக் எதையும் தானாக வாங்கிப் போடக் கூடாது; போட்டால் ரிப்போர்ட் பொருந்தாமல் போகலாம். கடந்த ஆறு மாதத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். யூரின் கல்ச்சரில் தொற்று தெரிந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் பயாப்ஸி. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும்.

நானாக இருந்தால் முதலில் இன்னொன்றைக் கேட்பேன்: விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக எடுக்க முடியுமா? அந்த முறையில் ஊசி குடலைத் தொடுவதில்லை, தொற்று மிகக் குறைவு, இந்த ஸ்வாப்பும் பொதுவாகத் தேவைப்படாது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம் இதையே பரிந்துரைக்கிறது. வசதி இல்லையென்றால், ஊசி போடுமுன் மலக்குடலை போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் சுத்தம் செய்வார்களா என்று கேளுங்கள். மலிவான வேலை, நல்ல பலன்.

பயாப்ஸிக்குப் பிறகு சிறுநீரில் சில நாள் லேசாக ரத்தம் வரும், விந்துவில் சில வாரம்கூட வரலாம், பயமில்லை. ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கும் குளிர், சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். பயாப்ஸி செய்த தேதி, கொடுத்த மருந்தின் பெயர், ஸ்வாப் ரிப்போர்ட் மூன்றையும் டியூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.