பக்கத்து வில்லாவில் கொலை: போனில் கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் காம்பவுண்டுக்குள் இருக்கும் வில்லா குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வயது 63. தனியாக வசித்த பக்கத்து வீட்டு அம்மா 2 வாரம் முன்பு கொலை செய்யப்பட்டார். எஃப்.ஐ.ஆரில் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்றுதான் இருக்கிறது. போலீஸார் என்னை மட்டும் 3 முறை போனில் கூப்பிட்டு சேலத்துக்கு வரவழைத்துவிட்டார்கள். 50,000 கொடுத்தால் என் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. எஃப்.ஐ.ஆரில் இல்லாத பெயரை அவர் எங்கிருந்து எடுப்பார்? கொலை வழக்கில் பணம் கைமாறியது தெரிந்தால், சாட்சியாக இருக்கும் உங்கள் மேல்தான் முதல் சந்தேகம் விழும். அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில் இப்படிப் பேசும் ஆட்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். பயந்த வயசாளிகள்தான் அவர்கள் குறி. மறுபடி வந்தால் உட்கார வைத்துப் பேசக்கூட வேண்டாம்.

சாட்சியை விசாரணைக்கு அழைப்பதென்றால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179 அப்படித்தான் சொல்கிறது. 60 வயதைத் தாண்டிய ஆணை, வசிக்கும் இடத்தை விட்டு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பழைய சட்டத்திலும் எழுத்து மூலம்தான். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டமே வந்தாயிற்று, இன்னும் ‘சார், வந்துட்டுப் போங்க’ என்று போன்தான்! 63 வயதுக்காரர் எத்தனை தடவை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவார்?

ஒரு விலக்கு உண்டு, கவனியுங்கள். நீங்களாக விரும்பி ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னால் அனுமதிக்கலாம். ‘பரவாயில்லை, நானே வருகிறேன்’ என்று மரியாதைக்குச் சொல்வதும் விருப்பமாகவே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் 3 பயணமும் அந்தக் கணக்கில்தான் போயிருக்கும். அடுத்த முறை, ‘வீட்டுக்கு வந்து விசாரியுங்கள், எல்லாம் சொல்கிறேன்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை (பிரிவு 181).

என் கவலையெல்லாம் உங்கள் குடியிருப்பின் கேமரா பதிவைப் பற்றித்தான். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். கேமரா மாட்டியவரைக் கூப்பிட்டு ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வதால் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை. கோர்ட்டில் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் கேட்பார்கள். கேமரா பதிவு சேரும் டி.வி.ஆர். பெட்டியையே எடுத்துக்கொள்ளும்படி இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்குங்கள்.

நான் நடத்திய வழக்கு ஒன்றில் டி.வி.ஆர். கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கி ஓடியது. 6 மணிக்கு வந்த பால்காரர், திரையில் 5.20-க்கே உள்ளே நுழைந்தார். கொலை நடந்தது அந்த இடைவெளியில். வாட்ச்மேன் கேட் நோட்டில் பென்சிலால் ‘பால் 6.00’ என்று எழுதியிருந்ததுதான் பால்காரரைக் காப்பாற்றியது, அதுவும் 9 மாதம் கழித்து.

அதனால் இன்று மாலையே வாட்ச்மேன் அறைக்குப் போங்கள். சரியான நேரம் காட்டும் கைக்கடிகாரத்தை டி.வி.ஆர். திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டும் தெரிய ஒரு படம் எடுங்கள். திரை நேரம் தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம். கேட் நோட்டை போலீஸ் கேட்கும்வரை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.