கேளுங்கள்: தலைப்பில் எதற்கு இனத்தின் பெயர்?

காபித் தோட்டத்தில் மிளகு திருடியதாக ஒருவர் கைதானார். நாளிதழில் ‘மலையாளி வாலிபர் கைது’ என்று தலைப்பு. அதே பக்கத்தில், சேலம் டவுனில் பைக் திருடியவருக்குச் சாதி, இனம் எதுவும் போடவில்லை. யாரிடம் முறையிடுவது?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

உங்கள் கோபம் நியாயமானது. சாதி அடையாளத்தை, அதிலும் இழிவு தொனிக்கும் இடத்தில், தவிர்க்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறி. தவிர, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிப் பெயர் ‘மலையாளி’ என்று அறியாதவர் அதைக் கேரளத்துக்காரர் என்றே படிப்பார்.

அந்தச் சொல்லை நீக்கிப் படியுங்கள். செய்தியில் எதுவும் குறையவில்லை என்றால் அது தேவையற்ற சொல். பழங்குடிச் சான்றிதழுக்கு அலையும் மாணவியின் செய்தியிலோ இனப் பெயர்தான் விஷயமே; அங்கே அதை விட்டுவிடுவது தவறு.

பலர் உள்ளூர் நிருபரைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். அவர் பெரும்பாலும் போலீஸ் குறிப்பை அனுப்பியிருப்பார். தலைப்பு வைப்பது டெஸ்க்கில், அதாவது அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் பிரிவில், இருக்கும் உதவி ஆசிரியர். அதனால் ஆசிரியர் பெயருக்கே, தேதி, பக்கம் குறித்து, திருத்தம் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள். ரசீதையும் கடித நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

பதில் திருப்தியில்லை என்றால் புதுடெல்லியிலுள்ள கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழுக்குக் கெடு 2 மாதம். செய்தி வெளியான நாளிலிருந்தே கணக்கு. ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தே பலர் கோட்டை விடுகிறார்கள். செய்தியின் மூலப் பிரதி, ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருடனான கடிதங்கள், வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. டிவி செய்தி அதன் வரம்பில் வராது.

அமெரிக்கப் பத்திரிகைகளில் கறுப்பினத்தவர் குறைவு என்கிறார்கள். இங்கே?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அங்கே 1967 இனக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் குழு, செய்தித் துறையின் ஆசிரியர் குழுப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று 1968-ல் எழுதியது. வெள்ளையர் கண்ணோட்டத்திலேயே செய்தி வருகிறது என்றும் சாடியது.

இங்கே நிலைமை இன்னும் மோசம். 2006-ல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2019-ல் மற்றோர் ஆய்வு 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது. 106-ல் உயர்சாதியினர், தலித்தும் பழங்குடியும் மறுபடி பூஜ்யம். நாகலூர் வாசகியின் தலைப்பு டெஸ்க்கைத் தாண்டி அச்சுக்குப் போனதில் வியப்பே இல்லை. அந்தச் சொல் உறுத்தக்கூடிய ஒருவர் அங்கே இருந்திருந்தால் தலைப்பு அச்சுக்குப் போகாமல் தடுக்கப்பட்டிருக்கும்.

நாளிதழின் சேலம் பக்கங்களில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். நூலகத்தில் ஒரு மாதத்து நாளிதழ்களை எடுங்கள். மே வேண்டாம், கோடை விழாச் செய்தி கணக்கைக் குழப்பிவிடும். ஏற்காடு பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் மூன்று குறிப்பு: பொருள் என்ன, யார் பேசியது மேற்கோளாக வந்திருக்கிறது, படத்தில் யார். அதிகாரி, எஸ்டேட் முதலாளி, சுற்றுலாப் பயணி, மலைக் கிராமத்தார் என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். ஆசிரியருக்கு எழுதும்போது அந்தக் கணக்குத் தாளையும் இணையுங்கள்.