அதே ஆமை மறுபடியும் வர வேண்டுமென்றால்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு மாஸ்காட்டாக, அதாவது அடையாளப் பாத்திரமாக, கண்ணாடி போட்ட ஆமை ஒன்றை ஏஐ கருவியில் உருவாக்கினேன். முதல் படம் அவ்வளவு அழகு. அடுத்து, அதே ஆமை சிரிக்கிற மாதிரி கேட்டால் வேறு ஏதோ ஓர் ஆமை வந்து நிற்கிறது. ஓடு மாறிவிடுகிறது, வட்டக் கண்ணாடி சதுரமாகிவிடுகிறது. ஒரு ஸ்டிக்கர் தொகுப்பு முழுக்க ஒரே ஆமை வர வழி உண்டா?

பதில்: உண்டு. குழந்தைகளுக்கான பாத்திரங்களை வரைவதுதான் என் தொழில். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

ஏன் மாறுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் தாறுமாறான புள்ளிகள் மட்டுமே நிறைந்த 'இரைச்சல்' படத்தில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் தெளிய வைத்துப் படமாக்குகின்றன. தொடங்கும் இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு. கண்ணாடி போட்ட பச்சை ஆமை என்ற வர்ணனைக்குப் பொருந்தும் ஆமைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்று உங்களுக்கு வருகிறது. முந்தைய படத்தைக் காட்டாதவரை நீங்கள் எந்த ஆமையைச் சொல்கிறீர்கள் என்று கருவிக்குத் தெரிய வழியில்லை. அந்தத் தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ப்ராம்ப்டும் (நாம் எழுதிக் கொடுக்கும் வர்ணனை) அமைப்புகளும் அப்படியே இருந்தால் அதே சீட் அதே படத்தைத் தரும், உண்மைதான். ஆனால் 'நிற்கிறது' என்பதை 'குதிக்கிறது' என்று மாற்றிய உடனே ஆமையும் சேர்ந்து மாறத் தொடங்கும்.

ஆகவே பாத்திரத்தைப் படத்தால் பிடியுங்கள். அனிமேஷன் ஸ்டுடியோக்களில் ஒரே பாத்திரத்தைப் பல பேர் வரைவார்கள். எல்லோர் கையிலும் ஒன்றுபோல வர, 'மாடல் ஷீட்' ஒன்றை எதிரில் வைத்துக்கொள்வார்கள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், மொத்த உயரம் எத்தனை தலை அளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் முதல் ஆமையைக் கருவியிடம் கொடுத்து அப்படி ஒரு தாளை வாங்குங்கள். வெள்ளைப் பின்னணி, நேராக நிற்கும் நிலை, உணர்ச்சி இல்லாத முகம். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் படத்தைப் பதிவேற்றிவிட்டுச் சாதாரணமாகப் பேசுவதுபோலவே கேட்கலாம். மிட்ஜர்னி 7ஆம் பதிப்பில் இதற்கென்றே 'ஆம்னி ரெஃபரன்ஸ்' வசதி இருக்கிறது.

தாள் வந்ததும் அவசரப்பட்டு ஸ்டிக்கருக்குப் போகாதீர்கள். ஆமையை முதலில் எளிமையாக்குங்கள். ஓட்டில் இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு படத்திலும் மாறத்தான் செய்யும். எண்ணிக்கையில் இந்தக் கருவிகள் இன்னமும் தடுமாறுகின்றன. கட்டங்களுக்குப் பதிலாக ஓட்டின் நடுவில் பெரிய மஞ்சள் வட்டம் ஒன்று போதும். இடது பக்கம், வலது பக்கம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அடையாளமும் வேண்டாம். இடது கன்னத்து மச்சம் நாலாவது படத்தில் வலது கன்னத்துக்குப் போய்விடும். கழுத்துத் துண்டு, தொப்பி மாதிரி நடுவில் இருக்கும் பொருள்களை வையுங்கள். அப்புறம் ஆமை முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவாகவும் அது உங்கள் ஆமைதான் என்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ப்ராம்ப்டை எவ்வளவு திருத்தினாலும் பலன் இல்லை, வடிவத்தையே மாற்ற வேண்டும்.

இனி ஐந்தாறு வரியில் ஆமையின் வர்ணனையை எழுதி, ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டுங்கள். ஆமை என்ன செய்கிறது என்ற கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். இதைவிட முக்கியம், ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் மூலத் தாளைத்தான் கொடுக்க வேண்டும். ஐந்தாவது படத்தைக் காட்டி ஆறாவதை வாங்கினால், நகலை நகலெடுத்தது போல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயல் கலையும். உரையாடல் நீண்டுகொண்டே போனால் அதை மூடிவிட்டு, புதிய உரையாடலில் மூலத் தாளோடு தொடங்குங்கள்.

முகபாவம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மகிழ்ச்சி, சோகம், கோபம் என்று உணர்ச்சியின் பெயரை மட்டும் சொன்னால் எல்லாக் கருவியும் தேய்ந்துபோன ஒரே முகத்தைத்தான் தரும். உடம்பு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்: புருவம் மேலே ஏறியிருக்கிறது, வாய் சின்ன வட்டம், இரண்டு கையும் கன்னத்தில். உங்களிடம் இருப்பது ஆமை என்பதையும் மறக்காதீர்கள். வெட்கப்பட்டால் அது ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும், கண்ணாடி மட்டும் வெளியே தெரியும். சோர்ந்துபோனால் மல்லாந்து கிடக்கும். அவசரமாக ஓடும்போது கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும். பூனைக்கோ கரடிக்கோ கடன் கொடுக்க முடியாத செய்கைகள் இவை. அப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

எந்தெந்த நிலைகள் வேண்டும் என்பதற்கு உங்கள் குழுவின் பழைய செய்திகளையே புரட்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் என்பது ஒரு பதில். 'சரி', 'நன்றி', 'இதோ வந்துகொண்டே இருக்கிறேன்', 'இன்னும் படித்து முடிக்கவில்லை' என்று மனிதர்கள் நிஜமாகவே அனுப்பிக்கொள்வதற்குத்தான் படம் தேவை.

கேள்வி: ஸ்டிக்கரில் 'நன்றி' என்று எழுதச் சொன்னால் புள்ளியும் சுழியும் எங்கெங்கோ போய்விடுகின்றன. தமிழ் எழுத்து சரியாக வர என்ன ப்ராம்ப்ட் தர வேண்டும்?

பதில்: எழுத்தை ப்ராம்ப்டில் கேட்கவே கேட்காதீர்கள். இந்தக் கருவிகள் எழுத்தை எழுதுவதில்லை, வடிவமாக வரைகின்றன. கற்ற படங்களில் ஆங்கிலம்தான் மிகுதி. புதிய கருவிகளில் சின்னச் சொற்கள் சில சமயம் சரியாக வருகின்றன. ஆனால் தொகுப்பின் எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே எழுத்துரு வராது, அது கண்ணை உறுத்தும். படத்தில் மேலேயோ கீழேயோ இடம் விடச் சொல்லி வாங்குங்கள். பிறகு படத் திருத்தச் செயலியில் நல்ல யூனிகோட் எழுத்துரு ஒன்றால் நீங்களே சொல்லைச் சேருங்கள். தடித்த எழுத்து, சுற்றிலும் வெள்ளைக் கோடு. சொல்லே இல்லாமல் புரிகிற ஸ்டிக்கர்களும் பாதியாவது இருக்கட்டும்.

கேள்வி: பின்னணி இல்லாத படம் கேட்டேன். சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வருகிறது. அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டமும் சேர்ந்து தெரிகிறது.

பதில்: அது நிஜமாகப் பின்னணி நீங்கிய படமல்ல. கருவி அந்தக் கட்டங்களையும் படமாகவே வரைந்திருக்கிறது. பாத்திரத்தில் எங்குமே இல்லாத ஒரே சீரான நிறத்தைப் பின்னணியாகக் கேளுங்கள். பச்சை ஆமை என்றால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. பிறகு பின்னணி நீக்கும் செயலியில் அதை எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்புக்கு 512க்கு 512 பிக்சல், வெப்பி (WebP) கோப்பு வடிவம், அசையாத ஸ்டிக்கர் 100 கிலோபைட்டுக்குள். தொகுப்பில் குறைந்தது 3, அதிகம் 30. உருவத்தைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளைக் கோடு இருப்பது நல்லது, இருண்ட திரையிலும் ஆமை தொலைந்துபோகாது. அனுப்பும் முன் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்.

கேள்வி: லோரா பயிற்சி கொடுத்தால்தான் பாத்திரம் மாறாமல் வரும் என்கிறார்களே?

பதில்: லோரா என்பது உங்கள் பாத்திரத்தின் படங்களைக் காட்டிக் கருவிக்குக் கொடுக்கும் சிறு கூடுதல் பயிற்சி. ஒரு தொகுப்புக்கு அது தேவையில்லை. பாத்திரத்தை வைத்து நீண்ட காலம் படக்கதை செய்யப் போகிறீர்கள், சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஓட்டுகிறீர்கள் என்றால் செய்யலாம். நல்ல படங்கள் இருபது இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் நிலையும் பின்னணியும் படத்துக்குப் படம் மாறியிருக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஆமை ஒரே மேசைமேல் இருந்தால் மேசையும் ஆமையின் உறுப்பு என்று கற்றுக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு வரையத் தெரியாது. பிரபலமான ஒரு கார்ட்டூன் பாத்திரத்தைக் கொஞ்சம் மாற்றித் தரச் சொல்லி வாங்கினால் அது என்னுடையதாகுமா?

பதில்: ஆகாது. அடையாளம் தெரிகிற அளவு சாயல் இருந்தால் உரிமையாளர் கேள்வி கேட்கலாம். தொகுப்பை வெளியிட்ட பிறகு நீக்கச் சொன்னால் உங்கள் உழைப்பு வீண். புதிதாகவே உருவாக்கினாலும் ஒரு விஷயம் இருக்கிறது. ப்ராம்ப்ட் எழுதியது மட்டுமே ஒருவரைப் படத்தின் ஆசிரியர் ஆக்கிவிடாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லியிருக்கிறது. மனிதர் தம் கையால் சேர்த்த பகுதிக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் எங்கிருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் கோடு உங்களுடையதாக இருக்கட்டும்.

வரையத் தெரியாது என்று தயங்காதீர்கள். ஒரு வட்டம், ஒரு முட்டை வடிவம், இரண்டு புள்ளிக் கண் போதும். பென்சிலில் கிறுக்கி, போட்டோ எடுத்து, இதே அளவு விகிதத்தில் சுத்தமாக வரைந்து கொடு என்று கருவியிடம் கேளுங்கள். எங்கிருந்தோ எடுத்த சாயலைவிட உங்கள் கோணல் கோட்டில்தான் பாத்திரத்துக்கு முகம் கிடைக்கும். அந்தத் தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.