கொலாஜன் பட்டதும் பிளேட்லெட்டுக்குள்ள என்ன நடக்குது?

தோல்லயும் ரத்தக்குழாய்ச் சுவர்லயும் இருக்கற கொலாஜன்ங்கற நார்ப் புரோட்டீன், செல் மேல இருக்கற ரிசெப்டார்ல (வெளிய இருந்து வர்ற சிக்னலை வாங்கற புரோட்டீன்) ஒட்டினா உள்ள சிக்னல் எப்படிப் போகுது, கொலாஜன் பவுடர் குடிச்சா இதே சிக்னல் வருமான்னு கேட்டிருக்கீங்க. நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன், அதனால ரத்தம் உறைய உதவற சின்ன செல்லான பிளேட்லெட்டை வச்சே சொல்றேன், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ரத்தக்குழாயோட உள்பக்கத்தை எண்டோதீலியம்னு ஒரு செல் அடுக்கு மூடியிருக்கும், கொலாஜன் இருக்கறது அதுக்கு அடியில. குழாய் நல்லா இருக்கற வரைக்கும் ரத்தத்துல ஓடுற பிளேட்லெட் அது பக்கமே போகாது. வெங்காயம் நறுக்கறப்போ விரல் அறுபட்டா அந்த அடுக்கு கிழிஞ்சு கொலாஜன் வெளிய வந்துடுது, வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கற புரோட்டீன் உடனே அது மேல போய் ஒட்டி, வேகமா ஓடிட்டிருக்கற பிளேட்லெட்டைப் புடிச்சு நிறுத்துது, அதுக்கப்புறம்தான் பிளேட்லெட் மேல இருக்கற ஜிபி சிக்ஸ்ங்கற ரிசெப்டாருக்கு கொலாஜனைத் தொடவே நேரம் கிடைக்குது.

ஜிபி சிக்ஸ் தேடுறது கிளைசின், புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின்னு மூணு அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வர்ற வரிசையை. அதுவும் மூணு இழை சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிட்டு இருந்தாத்தான் அதுக்கு அடையாளம் தெரியும். (இந்த மூணு இழை அமைப்பை 1954-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் சொன்னாங்க, இதை ஸ்கூல் புக்லயே பெருசா போடணும்னு எனக்கு ஆசை.) ஒரே நார்ல இந்த வரிசை எத்தனையோ இடத்துல இருக்கறதால நிறைய ரிசெப்டார் ஒரே இடத்துல கூடிடும், சிக்னல் ஆரம்பிக்கறதே இந்தக் கூட்டத்துலதான்.

ஜிபி சிக்ஸ் என்சைம் கிடையாது, அதனால தானா சிக்னல் அனுப்ப முடியாது, அது கூடவே எஃப்சி காமான்னு ஒரு துணைச் சங்கிலி இருக்கும். ரிசெப்டார்கள் கூடினதும் ஃபின், லின்ங்கற ரெண்டு கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டற என்சைம்) அந்தச் சங்கிலியில இருக்கற டைரோசின்ங்கற அமினோ அமிலத்துல பாஸ்பேட்டை ஒட்டும், அதைப் பாத்து சிக் கைனேஸ் வந்து உக்காரும், அது இன்னும் சில புரோட்டீன்களைத் தூண்டிவிட்டு கடைசியில பாஸ்போலைபேஸ் சி காமா-2ங்கற என்சைம் வேலைய ஆரம்பிக்கும். உள்ள சேத்து வச்சிருந்த கால்சியம் வெளிய கொட்டும். அவ்ளோதான், பிளேட்லெட் உருண்டையாகி முள்ளு முள்ளா நீட்டும், ஏடிபி, த்ராம்பாக்ஸேன்னு ரெண்டு சிக்னல் பொருளை வெளிய விட்டு பக்கத்துல இருக்கற பிளேட்லெட்டையும் எழுப்பிவிடும் (ஆஸ்பிரின் தடுக்கறது இந்த த்ராம்பாக்ஸேனைத்தான்), இன்டெக்ரின்ங்கற ஒட்டிப்புடிக்கற ரிசெப்டார்களும் விறைச்சு நிமிரும். அதுல ஆல்ஃபா-2 பீட்டா-1 ஒரு மெக்னீசியம் அயனியை நடுவுல வச்சு கொலாஜனையே கெட்டியா புடிச்சுக்கும், இன்னொண்ணு ரத்தத்துல இருக்கற ஃபைப்ரினோஜன்ங்கற புரோட்டீனைப் புடிச்சு பிளேட்லெட்டுகளை ஒண்ணோட ஒண்ணு கட்டிடும்.

லேப்ல இதைக் கண்ணால பாக்கலாம். பிளேட்லெட் ஒண்ணா சேர்றதைக் கோடா வரைஞ்சு காட்டற அக்ரிகோமீட்டர்ங்கற மெஷின்ல பிளேட்லெட் நிறைஞ்ச பிளாஸ்மாவை வச்சு ஏடிபி விட்டா கோடு உடனே நகரும், கொலாஜன் விட்டா ஒரு நிமிஷம் கிட்ட எதுவுமே நடக்காத மாதிரி நேரா போகும், அப்புறம் சட்டுனு சரியும். மேல சொன்ன சிக்னல் வேலையெல்லாம் அந்த அமைதிக்குள்ளதான் நடக்குது. ஜிபி சிக்ஸ் இல்லாதவங்க ரத்தத்துல ஏடிபிக்கு சரியா வரும், கொலாஜனுக்கு மட்டும் கோடு அசையவே அசையாது.

மத்த செல்லுங்கள்ல கதை வேற. டிடிஆர்-1, டிடிஆர்-2ன்னு ரெண்டு ரிசெப்டாருக்குச் சொந்தமாவே கைனேஸ் உண்டு, கொலாஜன்தான் அதுங்களைத் தூண்டுதுன்னு 1997-லதான் தெரிஞ்சுது. இன்சுலின் ரிசெப்டார் சில நிமிஷத்துல முழிச்சுக்கும், இதுங்களுக்கு மணிக்கணக்காகும், ஆனா முழிச்சா ரொம்ப நேரம் அப்படியே இருக்கும். நோய் எதிர்ப்பு செல்கள்ல இருக்கற லேர்-1ங்கற ரிசெப்டார் அதே கொலாஜனைத் தொட்டுட்டு செல்லுக்கு பிரேக் போடும்.

பவுடர் விஷயத்துக்கு வர்றேன். அதுல இருக்கற கொலாஜன் சூடுபடுத்தி, என்சைம் வச்சு துண்டு துண்டா வெட்டினது, முறுக்கே இல்ல, ஜிபி சிக்ஸ் அதைக் கண்டுக்காது. கண்டுக்காம இருக்கறதுதான் நமக்கும் நல்லது, முழு நாரே ரத்தத்துல சுத்த ஆரம்பிச்சா கண்ட இடத்துலயும் ரத்தம் கட்டிடும்.

இன்னொண்ணு, ஜிபி சிக்ஸ் பிறவியிலேயே இல்லாதவங்களுக்கு ரத்தக்கசிவு பெரும்பாலும் லேசாத்தான் இருக்கும். அப்போ இந்த ஒரு ரிசெப்டாரை மட்டும் அடைச்சா ரத்தப்போக்கு பயம் அதிகமில்லாம ஸ்ட்ரோக் வரவைக்கற ரத்தக்கட்டியைத் தடுக்கலாமேன்னுதான் கிளென்சோசிமாப்ங்கற ஆன்டிபாடி மருந்தை நோயாளிகள்கிட்ட ட்ரையல் பண்ணிப் பாத்தாங்க.