பேதுருவின் சாட்சி யார்?

கேள்வி: வெரோனா நகரத்துப் புனித பேதுருவை 'வேதசாட்சி' என்கிறார்கள். பிறருடைய விசுவாசத்தை விசாரித்துத் தண்டிக்கும் பதவியில் இருந்தவரை அப்படி அழைக்கலாமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 'வேதசாட்சி' என்று எழுதினீர்களே, அதற்கே நன்றி. இப்போது கோயில்களில் மறைசாட்சி என்கிறார்கள், புராட்டஸ்டண்ட் சபைகளில் இரத்தசாட்சி. எப்படிச் சொன்னாலும் 'சாட்சி' உள்ளே இருக்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கும் அதுதான் பொருள். இவர்களைத் 'தியாகி' என்று எழுதாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டுவிட்டேன். தியாகி தன்னிடம் இருந்ததைக் கொடுத்தவர். சாட்சி, தான் அறிந்ததைக் கடைசிவரை மாற்றிச் சொல்லாதவர்.

சரி, பேதுரு. 1205 வாக்கில் இத்தாலியில் பிறந்தவர். பெற்றோர், திருச்சபை ஏற்காத கத்தார் பிரிவினர். இந்த மண்ணுலகம் நல்ல கடவுளின் படைப்பு அல்ல என்று நம்பியவர்கள். மகனோ போலோக்னாவில் படிக்கப்போய்ச் சாமிநாதர் சபையில் சேர்ந்துவிட்டார். (டொமினிக்கன் சபைதான். தொமினிக்கைச் சாமிநாதர் ஆக்கிய நம் பெரியவர்களின் தமிழை விட எனக்கு மனமில்லை.) கூட்டம் கூட்டமாக மக்கள் கேட்க வந்த பிரசங்கி. 1251-ல் போப் நான்காம் இன்னசென்ட் அவரை, கத்தார்கள் போன்ற மாற்றுக் கொள்கையினரை விசாரிக்கும் அதிகாரி ஆக்கினார். 1252 ஏப்ரல் 6 அன்று கோமோவிலிருந்து மிலானுக்கு நடந்து வரும் வழியில், கத்தார்கள் கூலிக்கு அமர்த்திய காரினோ என்பவன் அவர் தலையில் வெட்டினான். ஓவியங்களில் தலையில் பதிந்த ஆயுதத்தோடுதான் நிற்பார். 'விசுவசிக்கிறேன்' என்று தன் இரத்தத்தால் மண்ணில் எழுதிவிட்டு இறந்தார் என்பது மரபு. 337 நாளில் புனிதர் பட்டம்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. கொலை நடந்த மறுமாதமே, மே 15 அன்று, அதே போப் விசாரணையில் சித்திரவதைக்கு அனுமதி கொடுத்தார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1244-ல், பிரான்சின் மோன்செகூரில் 200-க்கும் மேற்பட்ட கத்தார்களை உயிரோடு எரித்திருந்தார்கள். நம்பியதை மறுதலித்தால் பிழைக்கலாம் என்ற நிலையிலும் மறுக்காமல் தீயில் இறங்கியவர்கள். சாட்சி என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருளில் அவர்களும் சாட்சிகளே. கண்டித்துக் கடிதங்கள் வரும், வரட்டும்.

ஆனால் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் காரினோ. பேதுரு செத்ததை அவனைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்? பேதுருவோடு வந்த துறவியும் வெட்டுப்பட்டுச் சில நாளில் இறந்துபோனார். பிடிபட்ட காரினோ சிறையிலிருந்து தப்பி ஃபோர்லி நகரத்துக்கு ஓடினான். அங்கே நோயில் படுத்தான். சாவு வந்துவிட்டது என்று பயந்து, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்தான். சாகவில்லை. அப்புறம் அந்த ஊர்ச் சாமிநாதர் சபை மடத்துக் கதவையே தட்டினான், எந்தச் சபைத் துறவியைக் கொன்றானோ அதே சபை. அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள்! கொலையாளி என்று தெரிந்தே தங்கள் அங்கியை அவனுக்கு உடுத்திய அந்த மடத்தாரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. விசாரணை மன்றங்கள் அத்தனையும் சேர்ந்து செய்யாத காரியம் அது.

அங்கே சுமார் 40 ஆண்டுகள் எளிய சகோதரராக வாழ்ந்து மறைந்தார் காரினோ. மக்கள் அவரையும் அருளாளர் என்று வணங்கினார்கள். இதுவரை 'அவன்' என்று எழுதிவந்த எனக்கும் இந்த இடத்தில் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.