இலங்கையின் காலித் துறைமுகத்துக்குத் தபால் கப்பல் வந்த செய்தி அன்று எப்படிப் பரவியது?

1858க்கு முன் புறாதான். காலியில் கப்பல் கொண்டுவரும் வெளிநாட்டுச் செய்திகளைச் சுருக்கி எழுதி, கொழும்பிலுள்ள ஆங்கிலப் பத்திரிகை ஒன்று புறாக் காலில் கட்டி வரவழைத்தது. அந்த ஆண்டு காலி–கொழும்பு தந்திக் கம்பி வந்தது. மன்னார் வழியாக இந்தியாவோடும் இணைந்தது.

தபால் பை கப்பலிலும் வண்டியிலும்தான் போகும்; தந்தி அதற்கு முன்னால் ஓடும் தகவல் மட்டும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கப்பல் தூரத்தில் தெரிந்ததும் கொடிகளைப் பார்த்துப் பெயரை அறிவார்கள். 1857ல் வந்த, கப்பல்களுக்கான வணிகக் கொடிக் குறியீட்டில் 18 கொடிகள், எல்லாம் ஆங்கில மெய்யெழுத்துகள். காற்று இல்லாத நாளில் கொடி தொங்கிவிடும், படிக்கவே முடியாது.

தந்திக் கந்தோரில் படிவத்தில் சொற்களை எண்ணி, கொடுத்த நேரம் எழுதி, கட்டணம் வாங்கிய பிறகே, புள்ளியும் கோடுமாகச் செய்தியை அடிக்கும் மோர்ஸ் சாவியைத் தொடுவார்கள். பெறுபவர் எழுதி, எண்களைத் திருப்பி அடித்துச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். காரணம் எளிது: 1 என்பது ஒரு புள்ளி, நான்கு கோடு; 2 என்பது இரு புள்ளி, மூன்று கோடு. முதல் கோட்டைச் சற்றுக் குறுக்கி அடித்தால் 1 என்பது 2 ஆகிவிடும், கப்பல் வரும் தேதியே மாறிவிடும். வணிகனுக்கு அது பணம்.

கடற்கரைக் கம்பியில் இன்னொரு தொல்லை உப்பு. கம்பியைக் கம்பத்தில் தாங்கும் பீங்கான் காப்பான்களில் படிந்த உப்பு மழையில் நனைந்தால் மின்னோட்டம் கம்பத்தின் வழியே மண்ணுக்குக் கசியும், மறுமுனையில் குறி மங்கும்.